பழவேற்காட்டுக் கடற்கரைக்கு ஒருநாள் சென்று வருவது எப்படி?

மெரினாவின் நெரிசலும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் வாகன வரிசையும் வேண்டாம் என்று நினைப்பவர்கள், சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழவேற்காட்டுக்குச் சென்று வரலாம். சென்ட்ரலை ஒட்டிய மூர்மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டி தடத்தில் செல்லும் புறநகர் ரயிலில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் போவதே சிக்கனமான வழி.

பேருந்து நிற்கும் ஊர்ப்பக்கத்தில் முதலில் கண்ணில் படும் நீர்ப்பரப்பு கடல் அன்று; அது ஏரி. கடலுக்குச் செல்ல, ஏரியின் மேல் உள்ள பாலத்தைக் கடந்து லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் போக வேண்டும். வெயில் ஏறிய பிறகு அந்தத் திறந்த மணலில் ஒதுங்க நிழல் கிடைப்பது அரிது என்பதால், முதல் ரயில்களிலேயே புறப்பட்டு, காலை எட்டு மணிக்குள் கரையில் இருக்குமாறு திட்டமிடுவது நல்லது. குடிநீர், தொப்பி, மாற்றுடை ஆகியவற்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

இந்தக் கடற்கரை முதலில் மீனவர்களின் பணியிடம். மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கும் இடமாவது அதற்கு அடுத்தபடியாகத்தான். மணலில் விரித்துக் காயவைத்திருக்கும் வலை வெறும் நூல் போலத் தெரிந்தாலும், செருப்புக் காலால் ஒருமுறை மிதித்து ஒரு கண்ணி அறுந்தால், அதைப் பின்னிச் சரிசெய்ய ஒருவர் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கும்; ஆகவே வலையை மிதிக்காமல் விலகிச் சுற்றிப் போக வேண்டும். ஃபைபர் படகைக் கரையேற்றும் நேரத்தில் கயிற்றின் அருகே நிற்கக் கூடாது. வேலை செய்பவர்களைப் படமெடுக்க விரும்பினால், "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டு எடுப்பதே முறை.

கடலில் இறங்குவது குறித்து மிகுந்த எச்சரிக்கை தேவை. காப்பாற்ற ஆள் இருப்பார் என்று நம்பி இறங்கக் கூடாது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நீரின் இழுப்பு வலுவாக இருப்பதால், அந்தப் பகுதியில் கால் நனைப்பதைக்கூடத் தவிர்ப்பது நலம். மற்ற இடங்களிலும், நீவாடு (கடல் நீரோட்டம்) எப்படி இருக்கிறது என்று கரையில் இருக்கும் மீனவர் ஒருவரிடம் கேட்டு, அவர் வேண்டாம் என்றால் மறுபேச்சின்றி விலகிவிடுங்கள். எதிர்பாராமல் நீரோட்டம் உள்ளே இழுத்தால், கரையை நோக்கி நேராக நீந்திக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பிலிருந்து விடுபட்ட பின் கரைக்குத் திரும்ப வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலைப் பார்த்துவிட்டு வருவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஏரியில் படகில் அழைத்துச் செல்வதாக யாரேனும் சொன்னால் ஏறாதீர்கள். 2011 டிசம்பரில் சுற்றுலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, இங்கே படகு சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. குளிர்காலத்தில் வரும் பூநாரைகளைப் பார்க்கப் படகு தேவையில்லை. தொலைநோக்கி ஒன்று இருந்தால், அவை தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை அரித்துத் தின்பதை ஏரிக்கரையில் நின்றபடியே பார்க்க முடியும்.

வெயில் கடுமையானதும் ஊருக்குள் திரும்பி, 17ஆம் நூற்றாண்டில் இங்கே கோட்டை கட்டி வணிகம் செய்த டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள். அதன் வாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்களை நிதானமாக நின்று காண வேண்டும். பனையோலையில் பெண்கள் முடையும் கூடைகளும் இவ்வூரில் கிடைக்கும். உழைப்புக்கு ஏற்ற விலையைப் பேரம் பேசாமல் கொடுத்து வாங்குங்கள்.

மீனோ இறாலோ நண்டோ வாங்க எண்ணினால், பனிக்கட்டி போட்ட மூடிப் பெட்டியை வீட்டிலிருந்தே எடுத்து வந்து, புறப்படும் முன் கடைசியாக வாங்குங்கள். திரும்பும் பேருந்தின் நேரத்தை வந்து இறங்கியதுமே விசாரித்து வைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் பொன்னேரி சேர்ந்துவிடுங்கள். கொண்டுவந்த நெகிழிப் பைகளும் பாட்டில்களும் உங்களோடு திரும்ப வேண்டும்.