வலி மருந்து ஆய்வுச் செய்திகளைப் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். அதனோடு வருடக்கணக்கில் வாழ்பவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. புதிய மருந்து, புதிய ஆய்வு என்று எங்கே செய்தி வந்தாலும் படிப்பது, எடுத்துவைப்பது, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுவது. நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தச் செய்திகளைப் பெரும்பாலும் பாதிதான் படிக்கிறோம். மருந்து சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆனது என்று பார்க்கிறோம், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த மற்ற குழுவுக்கு என்ன ஆனது என்று பார்ப்பதில்லை.

சுசெட்ரிஜின் என்ற புதிய வலி மருந்தை எடுத்துக்கொள்வோம். முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு (சயாட்டிகா என்பது இதைத்தான்) இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2024 டிசம்பரில் வந்தது. 0 முதல் 10 வரையிலான வலி அளவில் சராசரியாக சுமார் 2 புள்ளி குறைந்திருந்தது. வலிக்காரருக்கு 2 புள்ளி என்பது பெரிய விஷயம். ஆனால் உள்ளே எந்த மருந்தும் இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே 2 புள்ளி குறைந்திருந்தது! முதல் பாதியை மட்டும் படித்தவருக்கு இது வெற்றிச் செய்தி. அடுத்த மாதமே, அதாவது 2025 ஜனவரியில், அமெரிக்காவில் அதே மருந்துக்கு ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் அது அறுவைசிகிச்சைக்குப் பின் வருவது போன்ற திடீர் வலிக்கு. 'வலி மருந்துக்கு ஒப்புதல்' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, பத்து வருட முதுகுவலிக்கு வழி பிறந்துவிட்டது என்று நினைத்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

போலி மாத்திரைக்கு வலி ஏன் குறைகிறது? நம்பிக்கை ஒரு காரணம். வாரம் தவறாமல் ஒருவர் அக்கறையாக விசாரிப்பது இன்னொன்று. பலர் கவனிக்காத மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. நாள்பட்ட வலி ஏறும், இறங்கும். அது உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் ஆய்வில் சேர்கிறார்கள், புதிய வைத்தியரையும் தேடிப் போகிறார்கள். அதற்குப் பிறகு எது செய்தாலும், எதுவும் செய்யாவிட்டாலும்கூட, வலி ஓரளவு இறங்கத்தான் செய்யும். 'நான் சாப்பிட்டேன், சரியாகிவிட்டது' என்ற சாட்சியங்களில் கணிசமான பங்கு இதுதான் என்பது என் எண்ணம். 1990 முதல் 2013 வரை நடந்த 84 நரம்பு வலி ஆய்வுகளை அலசிய ஒரு கட்டுரை 2015-இல் வந்தது. போலி மாத்திரையால் கிடைக்கும் நிவாரணம் காலப்போக்கில் கூடிக்கொண்டே வந்திருப்பதாக அது சொன்னது, அதுவும் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில். ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வை நம்புவது எவ்வளவு ஆபத்து என்பது இதிலேயே புரியும்.

அடுத்த தவறு, எல்லா நரம்பு வலியையும் ஒன்றாகப் பார்ப்பது. பிரிகாபலின் என்ற மருந்து சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலிக்கும், அக்கிப் புண் ஆறிய பிறகு தங்கிவிடும் வலிக்கும் பயன் தருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சரி, சயாட்டிகாவும் நரம்பு வலிதானே, அதற்கும் கேட்கும் என்று பரவலாக எழுதிக் கொடுத்தார்கள். 2017-இல் ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் செய்த ஆய்வில், சயாட்டிகாவின் கால் வலியை அது போலி மாத்திரையைவிட அதிகமாகக் குறைக்கவில்லை. தலைசுற்றல்தான் அதிகமாக வந்தது. ஆகவே ஆய்வில் இருந்தவர்களுக்கு என்ன நோய், எந்த வயது, வேறு என்ன மருந்து எடுத்தார்கள் என்பதைப் பார்க்காமல் முடிவை நம் உடம்புக்குப் பொருத்திப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

'எது சிறந்த மருந்து?' என்று கேட்பதும் அவ்வளவு பலன் தராது. எத்தனை பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு, மருந்தால் மட்டுமே, வலி பாதியாகக் குறையும் என்று கணக்கிடுவார்கள். எண் சிறியதாக இருந்தால் நல்லது. 2015-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வில் பிரிகாபலினுக்கு அந்த எண் 7.7. அமிட்ரிப்டிலின் உள்ளிட்ட பழைய வகை மருந்துகளுக்கு 3.6. அப்படியானால் பழையதுதான் இரண்டு மடங்கு நல்லது என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் பழைய மருந்துகளின் ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, அந்தக் காலத்து முறையில் நடந்தவை. 2022-இல் சர்க்கரை நோய் நரம்பு வலியுள்ள 130 பேருக்கு அமிட்ரிப்டிலின், டுலோக்செடின், பிரிகாபலின் மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது பலன் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. ஒன்று போதாதவர்களுக்கு இரண்டாவதையும் சேர்த்தபோது கூடுதல் நிவாரணம் கிடைத்தது. இதயம், சிறுநீரகம், வயது, தூக்கம் இவற்றைப் பார்த்து மருத்துவர் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது.

இதில் ஒரு மனக்கசப்பும் வருவதுண்டு. வலிக்கு என்று வாங்கிய அமிட்ரிப்டிலின் அல்லது டுலோக்செடின் பெட்டிக்குள் இருக்கும் தாளில் 'மனச்சோர்வுக்கான மருந்து' என்று இருக்கும். வலி மனப்பிரமை என்று மருத்துவர் நினைக்கிறார் போல என்று கோபப்பட்டு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கி வந்து வலியை அடக்கும் பாதைகளில் இந்த மருந்துகள் வேலை செய்கின்றன. அமிட்ரிப்டிலினை வலிக்கு, மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் குறைந்த அளவிலேயே கொடுக்கிறார்கள்.

வலி மருந்துகளோடு இந்தத் தவறுகள் நின்றுவிடுவதில்லை. பதற்றக் கோளாறு ஆய்வுகளைப் படிப்பதில் வேறு வகைச் சிக்கல். 2022-இல் 276 பேரிடம் நடந்த ஆய்வொன்று, 8 வாரத் தியானப் பயிற்சி, பதற்றத்துக்குக் கொடுக்கும் எஸ்சிடலோபிராம் மாத்திரைக்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. உடனே 'மாத்திரை வேண்டாம், தியானம் போதும்' என்று செய்தி பரவியது. அந்தப் பயிற்சியில் வாராவாரம் இரண்டரை மணி நேர வகுப்பும், வீட்டில் தினமும் முக்கால் மணி நேரப் பயிற்சியும் இருந்தன. படுக்கும்முன் செல்போனில் பத்து நிமிடம் கண்ணை மூடுவதை அது சோதிக்கவில்லை. போலிச் சிகிச்சை பெற்ற குழுவும் அதில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே மாத்திரையில் இருப்பவர் அதை நிறுத்தலாம் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை.

நிறுத்துவதில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. எஸ்சிடலோபிராம், டுலோக்செடின், பிரிகாபலின் எதையும் சட்டென்று விடக்கூடாது. தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் வரலாம். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று தவறாக எண்ணுபவர்கள் உண்டு. பதற்றத்தைத் தணிக்கப் பல நாள் எடுத்த அல்பிரசோலம் போன்ற பென்சோடையசிபைன் வகை மருந்துகளை ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பே வரலாம். 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவற்றின் மீதான எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. அப்புறம், சீக்கிரமே தீர்ப்பு எழுதுவதும் தவறு. எஸ்சிடலோபிராம் வகை மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், முதல் சில நாட்களில் படபடப்பு கூடவும் செய்யலாம்.

'நரம்புக்குச் சத்து' என்று பி6 வைட்டமினை அளவில்லாமல் விழுங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

ஆய்வை நடத்துபவர்களும் தவறு செய்கிறார்கள். காபாபென்டின் என்ற மருந்தை அனுமதி பெறாத நோய்களுக்குச் சோதித்து வெளியான 12 ஆய்வுகளை, நிறுவனத்தின் உள் ஆவணங்களோடு 2009-இல் ஒப்பிட்டார்கள். 8 ஆய்வுகளில், முதலில் திட்டமிட்ட முக்கிய அளவீடு ஒன்றாகவும் வெளியிட்டது வேறாகவும் இருந்தது. அம்பு விழுந்த இடத்தில் வட்டம் வரைவது போலத்தான் இது. ஆய்வு தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா, அங்கே எழுதியதும் முடிவில் சொன்னதும் ஒன்றுதானா என்று யாரும் இணையத்தில் பார்க்கலாம்.

நீங்களே ஓர் ஆய்வில் சேர்வதாக இருந்தால், இடம் கிடைக்க வேண்டும் என்று வலி எண்ணைக் கூட்டிச் சொல்லாதீர்கள். சேர்ந்ததும் உங்கள் எண் தானாக உண்மை நிலைக்கு இறங்கும், அது மருந்தின் பலன் போலவோ போலி மாத்திரையின் பலன் போலவோ கணக்கில் ஏறும். இடையில் வேறு வலி மாத்திரை போட்டிருந்தால் மறைக்காதீர்கள். புதிய மருந்துதான் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள், குலுக்கல் முறையில் போலி மாத்திரையும் வரலாம். பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலக உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மாத்திரையை நிறுத்தும் முன் ஆய்வு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், உண்மையான மருந்து உங்களிடம் இருந்தால் அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டியிருக்கும்.