ஊராட்சித் தலைவி கையில் எடுக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் 50 சதவீதம் பெண்களுக்கு. ஆனால் பல ஊர்களில் "தலைவர்" என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணின் கணவர்தான். இதை மாற்ற, பேச்சைவிடப் பணம் போகும் வழியைப் பிடிப்பதே பலன் தரும்.

பதவியேற்ற முதல் வாரமே வங்கிக்கு நேரில் போங்கள். ஓடிபி வரும் எண் உங்கள் கைப்பேசி எண்ணாகவே இருக்கட்டும், மகனுடையதோ செயலருடையதோ வேண்டாம். கணினி வழியே பணம் அனுப்ப ஒப்புதல் தரும் டிஜிட்டல் கையொப்பச் சாவியும் அதன் ரகசிய எண்ணும் உங்களிடமே இருக்க வேண்டும். "நான் பாத்துக்குறேன்" என்று யாராவது வாங்கிக்கொண்டால், பணம் போனது உங்களுக்குத் தெரியவே தெரியாது. தொகை எழுதாத காசோலையில் கையெழுத்து கூடாது. தணிக்கையில் மாட்டுவது கையெழுத்துப் போட்டவர்தான். 1994 ஊராட்சிகள் சட்டம் பிரிவு 205-இன்படி பதவி பறிபோவதும் அவருக்குத்தான். வேலைக்கான பில்லில் கையெழுத்திடுமுன், செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேலை நடந்த இடத்துக்குப் போய், அளவு நாடா பிடித்துப் பாருங்கள்.

கூட்டத்தில் கணவருக்கு நாற்காலி போடாதீர்கள். வீட்டில் சண்டை வரும், வரட்டும். தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்லி, கடைசி வரிக்குக் கீழே கோடு இழுத்த பிறகே கையெழுத்திடுங்கள். இடைவெளி விட்டால் பின்னால் ஏதாவது நுழையும்.

பட்டியலினத் தலைவியைப் பட்டியலினத்தவர் அல்லாத ஒருவர் பணி செய்யவிடாமல் தடுத்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(m)-இன்படி குற்றம். புகாரில் நாள், இடம், சாட்சிகளை எழுதி, நகலில் பெற்றதற்கான ஒப்பம் வாங்குங்கள்.