பழைய பிக்கப் வாங்கியாச்சா? முதல்ல எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாத்துங்க, படிப்படியா சொல்றேன்

செகண்ட் ஹேண்ட்ல பிக்கப் வாங்கி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தியாச்சுன்னா அடுத்த வேலை எஞ்சின் ஆயில் மாத்துறதுதான். வித்தவரு "போன மாசம்தான் மாத்துனேன்"னு சொல்லிருப்பாரு, உண்மையாவே மாத்தியும் இருக்கலாம், ஆனா என்ன ஆயில் ஊத்துனாரு, ஃபில்டரையும் சேத்து மாத்துனாரா, பழச கழட்டாம மேல மட்டும் ஒரு லிட்டர் ஊத்தி விட்டாரான்னு நமக்கு எப்படி தெரியும்? எஞ்சின் சத்தத்தையும் பொகையையும் அமுக்குறதுக்காக விக்கிறதுக்கு முன்னாடி கெட்டி ஆயிலா ஊத்தி விடுறதும் யாவாரத்துல நடக்குது.

அதனால முதல் தடவை மட்டுமாவது நீங்களே கீழ படுத்து மாத்துங்கன்னு சொல்வேன். காசு மிச்சம் பண்றதுக்காக சொல்லல. வடியுற பழைய எண்ணெயும் கழட்டுற பழைய ஃபில்டரும்தான் அந்த எஞ்சின் இது வரைக்கும் என்ன பாடு பட்டுச்சுன்னு சொல்ற சாட்சி. ஷெட்ல விட்டா அது நேரா வேஸ்ட் ஆயில் பேரலுக்கு போயிடும், நீங்க டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள சாட்சி கலைஞ்சிடும்.

அதுலயும் நம்ம டெல்டால ஓடுன வண்டின்னா இன்னும் கவனம். குறுவை, சம்பா அறுவடைல வயல்லேர்ந்து களத்துக்கு, களத்துலேர்ந்து கொள்முதல் நிலையத்துக்குன்னு மூணு நாலு கிலோமீட்டர்தான் ஓட்டம், மூட்டை எறக்கிட்டு ஆஃப், மறுபடி ஸ்டார்ட். எஞ்சின் நல்லா சூடேறாமலே ஓடிட்டு இருந்தா உள்ள சேர்ற ஈரமும் எரியாத டீசலும் ஆவியாகாம ஆயில்லயே தங்கிடும். மீட்டர்ல கிலோமீட்டர் கம்மியா இருக்கும், ஆயில் என்னமோ கெட்டுப் போயிருக்கும். நாகப்பட்டினம் பக்கம் மீன் லோடு அடிச்ச வண்டின்னா ஐஸ் தண்ணியும் உப்பும் சொட்டி சொட்டி அடிப்பக்கம் துருப்பிடிச்சிருக்கும், ஆயில் சேம்பர் (எஞ்சினுக்கு அடில ஆயில் நிக்கிற தொட்டி) தகடு, அதுல ஆயில் வடிக்க கழட்டுற டிரெயின் போல்ட், ஃபில்டர் டப்பா எல்லாம் சேத்துதான். 2018 நவம்பர்ல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையை கடந்தப்பவும் அதுக்கப்புறம் வந்த மழை வெள்ளத்துலயும் தண்ணில நின்ன வண்டிங்க எத்தனையோ. நீங்க வாங்குனது அதுல ஒண்ணான்னு ஆர்சி புக் சொல்லாது.

என்ன ஆயில், எவ்வளவு

வண்டி கூட மேனுவல் வந்திருந்தா அதுல போட்டிருக்கறதுதான் கடைசி வார்த்தை. மேனுவல் இல்லன்னா அந்த கம்பெனி சர்வீஸ் சென்டர்ல மாடலும் வருஷமும் சொல்லி கேளுங்க, கிரேடு என்ன, ஃபில்டரோட சேத்து எத்தனை லிட்டர்னு ரெண்டையும் கேட்டு எழுதிக்குங்க. பொலிரோ பிக்கப், தோஸ்த், டாடா ஏஸ் எல்லாத்துக்கும் ஒரே அளவு கிடையாது, ஏஸ்ல பெட்ரோல் வண்டியும் இருக்கு, அதனால பக்கத்து வீட்டுக்காரரு வண்டிக்கு ஊத்துனதையே வாங்கிட்டு வராதீங்க.

நம்ம ஊர் டீசல் பிக்கப்ல நிறைய வண்டிக்கு 15டபிள்யூ-40ங்கற கிரேடுதான் ஓடுது, அது ஆயிலோட கெட்டித்தன்மைய சொல்றது. கேன்ல அதுக்கு பக்கத்துல சிஎச்-4, சிஐ-4, சிகே-4ன்னு ஏதாவது போட்டிருக்கும், "சி"ன்னு ஆரம்பிச்சா டீசல் எஞ்சினுக்கான தரம். 2020 ஏப்ரல் 1க்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டு தரம்) டீசல் வண்டியா இருந்தா இதுல ரொம்ப கறாரா இருக்கணும், பல வண்டில சைலன்சர் லைன்ல டிபிஎஃப்னு ஒரு புகை வடிகட்டி இருக்கும், சாம்பல் அதிகமா விடுற பழைய தர ஆயில ஊத்துனா அது அடைச்சுக்கும், அத மாத்துற செலவு உங்க ஒரு போகத்து லாபத்த தின்னுடும். பழைய வண்டின்னு சொல்லி கடைக்காரரு "கெட்டி ஆயிலா போடுங்க, சத்தம் அடங்கும்"னு சொன்னா கேக்காதீங்க. சத்தம் இருந்தா அது என்னன்னு நமக்கு தெரியணும்.

போலி ஆயிலும் சந்தைல உண்டு. தெரிஞ்ச ஸ்பேர்ஸ் கடைல பில்லோட வாங்குங்க, மூடில சீல் உடையாம இருக்கான்னு பாருங்க, காலி கேன தூக்கி போடுறதுக்கு முன்னாடி அறுத்து விட்டுடுங்க, அத வச்சுதான் மறுபடி நெரப்புறாங்க. கூடவே ஃபில்டர், டிரெயின் போல்டுக்கு ஒரு புது வாஷர். வாஷர் விலை சொற்பம், பழசையே போட்டா சொட்டு நிக்காது.

சாமான்

டிரெயின் போல்டுக்கு சரியா உக்கார்ற ரிங் ஸ்பேனர் இல்லன்னா பாக்ஸ் ஸ்பேனர் (ஓப்பன் ஸ்பேனர் வேணாம், போல்ட் மூலை தேஞ்சிடும்), ஃபில்டர் கழட்டுற பெல்ட் ஸ்பேனர், எண்ணெய் புடிக்க அகலமான டிரே, புனல், பனியன் வேஸ்ட், கையுறை, ஒரு சின்ன காந்தம், ஒரு காலி தண்ணி பாட்டில். டிரே நீங்க கேட்டு எழுதுன லிட்டர் அளவ விட பெருசா இருக்கணும்.

வண்டிய நிறுத்துறது

சமமான சிமெண்டு தரைல நிறுத்துங்க. களத்து மேடு இருந்தா நல்லது. நம்ம களிமண்ணு காஞ்சிருக்கறப்ப கல்லு மாதிரி தெரியும், ஜாக்கி வச்சு தூக்குனா கொஞ்சம் கொஞ்சமா உள்ள எறங்கும், அதனால மண் தரைல ஜாக்கி போட்டு கீழ படுக்கவே படுக்காதீங்க. பிக்கப் ஒசரமான வண்டி, பெரும்பாலும் ஜாக்கி இல்லாமலே உள்ள நுழைஞ்சிடலாம். தூக்கித்தான் ஆகணும்னா ஜாக்கி ஸ்டாண்டு ரெண்டு வச்சு அதுமேல எறக்கிட்டு அப்புறம்தான் படுக்கணும், வெறும் ஜாக்கிய நம்பி ஒரு நிமிஷம் கூட தலைய உள்ள விடாதீங்க. ஹேண்ட் பிரேக், ஃபர்ஸ்ட் கியர், பின் டயருக்கு முன்னயும் பின்னயும் கட்டை, சாவி உங்க பாக்கெட்ல. சின்ன புள்ளைங்கள கிட்ட விடாதீங்க.

வடிக்கிறது

வழக்கமா எஞ்சின ஒரு அஞ்சு பத்து நிமிஷம் ஓட விட்டு ஆயில் இளகுனப்புறம் வடிப்பாங்க. ஆனா புதுசா வாங்குன பழைய வண்டிக்கு நான் அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ண சொல்வேன். ராத்திரி முழுக்க நிறுத்தி வச்சு, காலைல ஸ்டார்ட் பண்ணாமலே, டிரெயின் போல்ட கொஞ்சமா மட்டும் தளத்துங்க, சொட்டு வர்ற அளவுக்கு. தண்ணி எண்ணெய விட கனம், ராத்திரில அடில எறங்கி நிக்கும், அதனால உள்ள தண்ணி இருந்தா கருப்பு எண்ணெய்க்கு முன்னாடி அதுதான் வரும். தெளிவா வந்தா ஈரமோ வெள்ளத் தண்ணியோ, பச்சையாவோ சிவப்பாவோ வந்தா கூலன்ட், அதாவது எஞ்சின் சூட்ட தணிக்க ரேடியேட்டர்ல ஊத்துறது. அப்படி எது வந்தாலும் வேலைய அங்கயே நிறுத்திட்டு, வண்டிய ஸ்டார்ட் பண்ணாம மெக்கானிக்க கூப்புடுங்க. ஒண்ணும் வரல, நேரா கருப்பு எண்ணெய்தான்னா போல்ட இறுக்கிட்டு, டிப் ஸ்டிக்ல (ஆயில் அளவு பாக்குற கம்பி) ஆயில் இருக்கான்னு பாத்துட்டு, எஞ்சின ஓட விட்டு சூடாக்குங்க.

புதுசா செய்றவங்க நிறைய பேரு தடுமாறுறது போல்ட எந்த பக்கம் திருப்புறதுங்கறதுலதான். மல்லாக்க படுத்துட்டா இடது வலது குழம்பிடும். போல்ட் தலைய நேருக்கு நேரா பாக்குற மாதிரி மூஞ்ச வச்சுக்குங்க, கடிகாரம் சுத்துறதுக்கு எதிர்ப்பக்கம் திருப்புனா கழறும். துருவேறி இருந்தா அடிக்காதீங்க, துரு ஆயில் அடிச்சு கொஞ்ச நேரம் விட்டுட்டு திருப்புங்க. அதே சமயம் கியர் பாக்ஸுக்கும் கீழ ஒரு போல்ட் இருக்கும், அது வேற. எஞ்சினுக்கு நேர் கீழ இருக்கற சேம்பர்ல உள்ளதுதான் நமக்கு வேணும், சந்தேகம்னா கழட்டாதீங்க, கேட்டுக்குங்க.

கடைசி மரைல கைய வச்சு போல்ட உள்பக்கமா அமுக்கிக்கிட்டே சுத்தி, சட்டுன்னு கைய விலக்குங்க. எண்ணெய் முதல்ல தூரமா பீச்சும், அப்புறம் நேரா விழும், டிரேய அதுக்கு தக்க நகத்தணும். மேல ஆயில் ஊத்துற மூடிய தொறந்து வச்சா சீக்கிரம் வடியும். சொட்டு சொட்டா வர்ற வரைக்கும் விடுங்க, அவசரம் வேணாம்.

மண்ணெண்ணெய் இல்லன்னா டீசல் ஊத்தி உள்ள அலசிடலாம்னு யாராவது சொல்வாங்க. வேண்டவே வேண்டாம். முழுசா வடியாம உள்ள தங்குறது புது ஆயில நீத்துப்போக வச்சிடும், பேரிங்தான் அடி வாங்கும்.

வடிஞ்சத பாக்குறது

இத அவசரமா தாண்டாதீங்க. எண்ணெய் ஆறுனதும் ரெண்டு விரல்ல எடுத்து வெயில்ல தேய்ச்சு பாருங்க. டீசல் எஞ்சின்ல கருப்பா இருக்கறது கரி, அது சகஜம், பயப்படாதீங்க. பால் ஊத்துன காப்பி கலர்ல இருந்தா தண்ணி கலந்திருக்கு, ஹெட் கேஸ்கட்டோ ஆயில் கூலரோ பாக்கணும். தண்ணி மாதிரி ஓடுது, டீசல் வாடை தூக்கலா அடிக்குதுன்னா இன்ஜெக்டரோ பம்போ கசியுதான்னு பாக்கணும். விரல்ல மினுமினுன்னு தூள் ஒட்டுனா காந்தத்த காட்டுங்க: காந்தத்துல ஒட்டுறது இரும்புத் தேய்மானம், ஒட்டாம செம்பு கலர்ல மின்னுறது பேரிங்லேர்ந்து வர்றதா இருக்கலாம். லேசா இருந்தா பழைய எஞ்சின்ல பாக்கறதுதான், சில்லு சில்லா கைக்கு தட்டுப்பட்டா லோடு ஏத்தாதீங்க. ஒரு பாட்டில்ல கொஞ்சம் புடிச்சு, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வைங்க.

ஃபில்டர்

டப்பா மாதிரி இருக்கற ஃபில்டர பெல்ட் ஸ்பேனரால கழட்டுங்க, உள்ள எண்ணெய் இருக்கும், நிமிந்த மாதிரியே எறக்குங்க. கழட்டுனதும் பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோட வந்துச்சான்னு பாருங்க. சில நேரம் அது எஞ்சின்லயே ஒட்டிக்கும், அதுமேல புதுச மாட்டுனா ஸ்டார்ட் பண்ண கொஞ்ச நேரத்துல மொத்த ஆயிலும் பீச்சி வெளிய போயிடும். விரல விட்டு தடவி பாத்து, தொடச்சிட்டு, புது ஃபில்டர் வளையத்துல புது ஆயில் லேசா தடவுங்க. வாய் மேல பாத்து நிக்கிற ஃபில்டரா இருந்தா உள்ள கொஞ்சம் புது ஆயில ஊத்தி மாட்டுறது டர்போ வண்டிக்கு நல்லது. வளையம் தொட்டதுக்கு அப்புறம் கையாலயே முக்கா சுத்து, அவ்வளவுதான். டப்பாக்குள்ள பேப்பர் ஃபில்டர் மட்டும் மாத்துற மாடலா இருந்தா கூட வர்ற ஓ-ரிங்கயும் (ரப்பர் வளையம்) மாத்தணும்.

பழைய ஃபில்டர தொறந்து மடிப்பு மடிப்பா இருக்கற பேப்பர விரிச்சு பாத்தா அதுலயும் தேய்மானத் தூள் தெரியும். ஆக்சா பிளேடால அறுத்தா அந்த தூளே உள்ள விழுந்து ஏமாத்தும், தகரம் வெட்டுற கத்திரியால வெட்டுங்க.

ஊத்தி ஸ்டார்ட் பண்றது

போல்ட புது வாஷரோட முதல்ல கையாலயே மரை ஏத்துங்க, சாய்ஞ்சு ஏறுனா சேம்பர் மரை போயிடும். ஸ்பேனர்ல கெட்டியா ஒரு இறுக்கு போதும், காலால உதைக்க வேணாம். எழுதி வச்ச அளவுல முக்கால்வாசி ஊத்தி, டிப் ஸ்டிக் பாத்து, மீதிய கொஞ்சம் கொஞ்சமா. மேல் கோட்ட தாண்டக்கூடாது, அதிகமானாலும் உள்ள சுத்துற கிராங்க் தண்டு அடிச்சு நுரையாயிடும்.

ஸ்டார்ட் பண்ணதும் ஆக்சிலேட்டர மிதிக்காம ஆயில் லைட்ட பாருங்க, சில வினாடில அணையணும். அணையலன்னா உடனே ஆஃப். அணைஞ்சா ரெண்டு நிமிஷம் ஓட விட்டு, கீழ குனிஞ்சு ஃபில்டர், போல்ட் ரெண்டுலயும் கசிவு பாத்துட்டு, ஆஃப் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி அளவு பாருங்க, ஃபில்டர் குடிச்சது குறைஞ்சிருக்கும், ஊத்துங்க. ராத்திரி கீழ ஒரு அட்டைய விரிச்சு வச்சா காலைல சொட்டு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். டீசல் வண்டில புது ஆயில் ஒரு நாள்லயே கருத்துடும், அதுக்காக பதறாதீங்க.

பழைய ஆயில கேன்ல ஊத்தி மெக்கானிக் ஷெட்ல குடுத்துடுங்க, அவங்ககிட்டேர்ந்து வாங்கிட்டு போக ஆளு வருவாங்க. வாய்க்கால்லயும் வரப்போரத்துலயும் ஊத்தாதீங்க, தயவு செஞ்சு. நம்ம பக்கம் ஒரு வாய்க்கால்ல விட்டது கீழ உள்ள அத்தனை மடைக்கும் போகும், நாத்தங்கால் தண்ணி மேல படலமா நிக்கும், அதே தண்ணியத்தான் மாடும் குடிக்குது.

இந்த முதல் ஆயில மட்டும் மேனுவல் சொல்ற கெடு வரைக்கும் ஓட்டாதீங்க. ரெண்டாயிரம் கிலோமீட்டர் வாக்குல, இல்ல ஒரு அறுவடை ஓட்டம் முடிஞ்சதும், ஃபில்டரோட இன்னொரு தடவை மாத்துங்க, உள்ள படிஞ்சிருந்த கசடு இதுல கரைஞ்சு வந்திடும். அது வரைக்கும் தினம் காலைல டிப் ஸ்டிக் பாருங்க. ரெண்டாவது தடவை வடியுறதையும் அதே மாதிரி விரல்ல தேய்ச்சு, எடுத்து வச்ச பாட்டிலோட ஒப்பிட்டு பாருங்க. மினுமினுப்பு குறைஞ்சிருந்தா தைரியமா மூட்டைய ஏத்துங்க, கூடியிருந்தா சீசனுக்கு முன்னாடியே சேம்பர கழட்டி பேரிங் பாக்க சொல்லுங்க.