மாதத் தவணை மறைக்கும் கணக்கு

கடன் வாங்கப் போகும் குடும்பத்தில் முதலில் எழும் கேள்வி, “மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?” என்பதாகவே இருக்கிறது. கேள்வியில் பிழையில்லை, சம்பளம் மாதந்தோறும் வருவதால் கணக்கும் அப்படித்தான் ஓடும். ஆனால் அந்த ஒரு கேள்வியோடு நின்றுவிடுவதுதான், மளிகைக் கடையில் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசும் குடும்பத்தையே கடனில் பல்லாயிரம் ரூபாய் இழக்கச் செய்கிறது. கடன் கொடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும் என்பதால், விளம்பரங்களில் தவணைத் தொகை பெரிய எழுத்திலும் ஆண்டு வட்டி சிறிய எழுத்திலும் அச்சாகின்றன.

நம் ஊர்ப் பேச்சில் வட்டியைச் சொல்லும் முறையே இதற்கு இடம் கொடுக்கிறது. “இரண்டு வட்டி” என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றினாலும் அது ஆண்டுக்கு 24 விழுக்காடு. “ஐந்து வட்டி” என்பது 60 விழுக்காடு. தண்டல் கடனில் வட்டி என்ற சொல்லே பெரும்பாலும் காதில் விழுவதில்லை. பத்தாயிரம் ரூபாய்க் கடனில் 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் வசூலிப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தாயிரத்துக்கு 1,500 என்றால் 15 விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் கைக்கு வந்தது 8,500 மட்டுமே. அதுவும் முதல் நாளிலிருந்தே திரும்பச் சென்றுகொண்டிருக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 120 விழுக்காட்டுக்கும் சற்று மேலே போகிறது. தமிழ்நாட்டில் அதீத வட்டி வசூலிப்பதைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அன்றாடம் நூறு ரூபாய் எடுத்து வைக்க முடிகிற சிறு வியாபாரிக்கு அந்த நூறுதான் தெரிகிறதேயன்றி 120 விழுக்காடு தெரிவதில்லை.

படித்தவர்கள் இதில் சிக்குவதில்லை என்று எண்ணிவிடக் கூடாது. வாகனக் கடனுக்கும் வீட்டுப் பொருள்களுக்கான கடனுக்கும் சொல்லப்படும் ‘ஃப்ளாட்’ வட்டி இதே வகையைச் சேர்ந்தது. ஒரு லட்சம் ரூபாய்க்கு 10 விழுக்காடு ஃப்ளாட் வட்டி, மூன்று ஆண்டுகள் என்றால், வட்டி 30,000 ரூபாய். மாதத் தவணை ஏறத்தாழ 3,611 ரூபாய். தவணை கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே வந்தாலும், வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கும் கணக்கிடப்படுகிறது. குறையும் அசலுக்கு மட்டுமே வட்டி போடும் முறையில் இதே தவணையைப் பொருத்திப் பார்த்தால், உண்மையான வட்டி 18 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. ஆகவே ஓரிடத்தில் 10 விழுக்காடு ஃப்ளாட் என்றும், வேறோரிடத்தில் 13 விழுக்காடு குறையும் அசல் முறை என்றும் சொன்னால் இரண்டாவதே மலிவு. எண்ணை மட்டும் பார்த்துப் பத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்றும் ஏராளம்.

கடன் அட்டையில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று அச்சிடப்படுவதுதான், என் பார்வையில், நடுத்தரக் குடும்பங்களை மிகவும் ஏமாற்றும் எண். நிலுவை 50,000 ரூபாய், மாத வட்டி 3.5 விழுக்காடு என்றால், வட்டி 1,750 ரூபாயும் அதன்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி 315 ரூபாயும் சேர்ந்து 2,065 ரூபாய் ஆகிறது. நிலுவையில் 5 விழுக்காடான 2,500 ரூபாயைக் கட்டினால் கடன் குறைவது 435 ரூபாய் மட்டுமே. அதைவிட மோசமானது பலருக்குத் தெரியாத ஒரு விதி: நிலுவையை முழுமையாகக் கட்டாத மாதத்திலிருந்து வட்டியில்லாக் காலம் என்ற சலுகை போய்விடுவதால், அதன்பின் வாங்கும் புதிய பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குகிறது. அபராதம் விழாததை வைத்து எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நம்புவது தவறு. முழு நிலுவையையும் கட்ட முடியாத மாதம் வந்துவிட்டால், பாக்கி தீரும்வரை அந்த அட்டையைத் தேய்க்காமல் இருப்பதே சரி.

இத்தகைய நிலையில் நகைக்கடன் வாங்கி அட்டைப் பாக்கியை அடைப்பது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. ஆண்டுக்கு 42 விழுக்காட்டுக் கடனை 10 விழுக்காட்டுக் கடனால் தீர்ப்பதில் என்ன கௌரவம் குறைகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. நகைக்கடனில் தவறு வேறிடத்தில் நிகழ்கிறது. ஆண்டு முடிந்ததும் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைப்பது பல வீடுகளில் பழக்கமாகிவிட்டது. இரண்டு லட்சம் ரூபாய்க்கு 10 விழுக்காடு என்றால் ஐந்து ஆண்டுகளில் ஒரு லட்சம் ரூபாய் வட்டியாகவே போயிருக்கும். அசல் இரண்டு லட்சம் அப்படியே நிற்கும். நகையும் வீட்டுக்கு வந்திருக்காது. வங்கி மாதத் தவணை கேட்கவில்லை என்றாலும், நாமாகவே மாதந்தோறும் ஒரு தொகையை அசலில் கட்டி வரலாம். அதைக் கவுண்டரில் கேட்டுப் பெறவேண்டுமே தவிர, யாரும் வலிய வந்து சொல்வதில்லை.

வீட்டுக் கடனில் இந்த மறைப்பு இன்னும் நுட்பமானது, ஏனெனில் இங்கே தவணை மாறாமலேயே கடன் காலம் வளர்கிறது. 30 லட்சம் ரூபாயை 9 விழுக்காட்டில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் தவணை ஏறத்தாழ 26,992 ரூபாய். தொடக்கத்திலேயே வட்டி 10 விழுக்காடாக உயர்ந்து, தவணை மட்டும் அப்படியே நீடிப்பதாக வைத்துக்கொண்டால், 240 மாதங்களில் முடியவேண்டிய கடன் சுமார் 314 மாதங்களுக்கு நீள்கிறது. கணக்கிலிருந்து பிடிக்கப்படும் தொகை மாறாததால், ஆறாண்டு கூடியிருப்பதை வீட்டில் எவரும் கவனிப்பதில்லை. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டிப்பதா, ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குத் தரவேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டது. தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதக் கட்டணமும் கிடையாது. எனவே ஆண்டுக்கு ஒருமுறையாவது கடன் அறிக்கையை வாங்கி, எஞ்சிய மாதங்கள் எத்தனை என்ற ஒரே ஒரு வரியைப் பார்த்துவிட வேண்டும்.

சேமிப்பிலும் இதே பார்வைக் கோளாறு உண்டு. நகைக்கடைச் சீட்டில் பதினொரு மாதம் கட்டினால் ஒரு மாதத் தவணை இலவசம் என்பதையே பார்க்கிறோம். அத்தொகையை நகையாக்கும்போது போடப்படும் செய்கூலி, சேதாரத்தில் அந்தச் சலுகை கரைந்துபோகிறதா என்பதைச் சேருவதற்கு முன்பே வேறு கடைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தவிர, வங்கி வைப்புக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நகைச்சீட்டுப் பணத்துக்கு அந்தக் காப்பீடு இல்லை.

2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்கள் வாங்கும் சில்லறைக் கடன் எதுவானாலும் அதன் விவரங்களை ‘முக்கியத் தகவல் அறிக்கை’ என்ற தாளில், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியிலேயே வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரவேண்டும் என்பது விதி. அதில் செயலாக்கக் கட்டணம், காப்பீட்டுத் தொகை போன்றவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு வட்டி விகிதம் இருக்கும். வெவ்வேறு இடங்களில் கிடைக்கும் கடன்களை அந்த ஒரு எண்ணைக் கொண்டே ஒப்பிட்டுவிடலாம். கடன் அட்டைக்கு இது பொருந்தாது. மற்றக் கடன்களில், ஏழு நாளுக்குக் குறையாத காலத்துக்கு வாங்கப்படுபவற்றுக்கு, தாளில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாள்கள் செல்லுபடியாக வேண்டும். ஆகையால், “இன்றே கையெழுத்துப் போட்டால்தான் இந்த வட்டி” என்று எதிரில் இருப்பவர் அவசரப்படுத்தினால், தமிழிலேயே அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், மொத்தம் கட்டவேண்டிய தொகையைக் குடும்பத்தில் எல்லோரும் பார்த்த பிறகு மறுநாள் திரும்பிவர உங்களுக்கு உரிமை இருக்கிறது.