காலியாக இருக்கும் இடமெல்லாம் வாய்ப்பு அல்ல

சிங்கப்பூரில் சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் நம்மவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர், பக்கத்துக் கடைக்காரர் செய்வதையே ஒரு வெள்ளி (டாலர்) குறைத்துச் செய்யப் பார்ப்பார்கள். இன்னொரு வகையினர், "இதை இங்கே யாருமே செய்யலியே!" என்று கண்டுபிடித்துவிட்டு, அன்று இரவே லோகோவுக்கு நிறம் தேட ஆரம்பித்துவிடுவார்கள். முதல் வகையினருக்கு என்ன ஆகும் என்பது லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கடை வாடகை விசாரித்த எவருக்கும் தெரியும். எனவே இங்கே பேசப்போவது இரண்டாம் வகையினரைப் பற்றி மட்டும்.

யாரும் செய்யவில்லை என்றால் ஏன் செய்யவில்லை? இதைக் கேட்காமல் இறங்குவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே. உண்மையிலேயே யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கலாம். கண்ணில் பட்டும், காசு வராது என்று விட்டிருக்கலாம். சட்டம் தடுக்கலாம். இல்லையென்றால், பெரிய நிறுவனத்துக்கு அது சில்லறையாகத் தெரிந்திருக்கலாம். இவற்றில் முதலாவதும் கடைசியும்தான் உங்களுக்கு உதவும்.

சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் இங்கே ஹோட்டல் கட்டணத்தைக் கேட்டதும் திகைத்துப் போகிறார்கள். நம் வீட்டிலோ ஓர் அறை சும்மா கிடக்கிறது. நாள் வாடகைக்கு விட்டால் என்ன? இந்த யோசனை தோன்றாத ஆளே இங்கே இருக்க முடியாது. ஆனால் தனியார் வீட்டைக் குறைந்தது 3 மாதத்துக்குத்தான் வாடகைக்கு விட முடியும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு என்றால், அறையாக இருந்தாலும் குறைந்தது 6 மாதம். அந்த இடம் காலியாக இருப்பது யாரும் பார்க்காததால் அல்ல.

வீட்டுச் சமையல் விஷயம் இன்னும் நுணுக்கமானது. வீவக வீட்டில் சிறிய அளவில் சமைத்து விற்கத் தடை இல்லை. ஆனால் அந்த வீட்டில் வசிக்காத ஆளை வேலைக்கு வைக்கக் கூடாது, வாசலில் பலகை மாட்டக் கூடாது. வீட்டுப் பணிப்பெண்ணை முறுக்குப் பிழிய உட்கார வைப்பதும் விதிமீறல்தான். அவருடைய வேலை அனுமதி வீட்டு வேலைக்கு மட்டுமே. ஆக, தீபாவளிக்கு நூறு பெட்டி ஆர்டர் வந்தால் செய்வதற்கு உங்கள் கையும் குடும்பத்தார் கையும்தான். தொழில் எந்த அளவு வரை வளரும் என்பதை அந்தக் கைகளை எண்ணியே சொல்லிவிடலாம். இன்னொன்று: வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கும் தம்பிகள் ஞாயிற்றுக்கிழமையில் சொந்தமாக ஒரு சின்ன வியாபாரம் பார்க்கலாமா என்று கேட்பதுண்டு. கூடாது. வேலையும் போய், ஊருக்கும் திரும்ப வேண்டியிருக்கும்.

அப்புறம், தேவை இருக்கிறது என்பதை உறவினர்களிடம் கேட்டு முடிவு செய்வது. "சூப்பர் ஐடியாண்ணே, செய்ங்க" என்பார்கள். வேறென்ன சொல்வார்கள்? முகத்துக்கு நேராக யாரும் மறுப்பதில்லை. "இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?" என்ற கேள்விக்கு வரும் பதிலுக்கு மதிப்பே இல்லை. கடைசியாக இந்தச் சிக்கல் வந்தபோது என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவானது என்று நடந்ததைக் கேட்க வேண்டும்.

உதாரணமாக, பண்டிகைக்கால ரவிக்கைத் தையலில் இறங்கலாமா என்று யோசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து புளோக் அக்காவிடம், "போன தீபாவளிக்கு பிளவுஸ் எங்கேக்கா தைச்சீங்க?" என்று கேட்டால் இப்படி ஒரு பதில் வரலாம்: "திருச்சிக்குப் போன நாத்தனார்கிட்ட அளவு பிளவுஸ் கொடுத்துவிட்டேன். வந்ததைப் போட்டுப் பார்த்தா கை பிடிக்குது. இங்கே பிரிச்சுத் தைச்சுத் தர யாருக்கும் நேரமில்லை. கடைசியில பழசையே போட்டுக்கிட்டுப் போனேன்." இந்தப் பதிலில் ஒரு தொழில் இருக்கிறது, ஆனால் அது நீங்கள் நினைத்த தொழில் அல்ல. புதிதாகத் தைப்பதில் ஊர்க் கூலியோடு போட்டி போட முடியாது. ஊரில் தைத்து வந்ததை மூன்று நாளில் பிரித்துச் சரிசெய்து தருவது வேறு. பண்டிகை நெருக்கத்தில் தையற்காரர்கள் வேண்டாத தொல்லை என்று ஒதுக்குகிற வேலை அது. ஒருவர் ஏற்கெனவே சுற்றி வளைத்து, காசும் அலைச்சலுமாக ஒரு சிக்கலைச் சமாளித்துக்கொண்டிருக்கிறார் என்றால் அதுதான் நம்பத்தக்க அடையாளம். ஒன்றுமே செய்யாமல் வெறுமனே குறைப்பட்டுக்கொள்பவர் உங்களுக்கும் காசு தரமாட்டார்.

எண்ணிக்கையிலும் ஏமாந்துபோகிறோம். வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடு. இந்தக் கணக்கில் வெளிநாட்டு ஊழியர்கள் வரமாட்டார்கள். "அதில் பத்தில் ஒரு பங்கு வந்தால்கூடப் போதும்" என்று காகிதத்தில் கணக்குப் போடுவது சுகமான வேலை. ஆனால் அவர்கள் ஒரே கூட்டம் இல்லை. மூன்று தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பமும், ஐடி வேலைக்கு வந்து பொங்கோலில் குடியேறிய தம்பதியும், கணக்கில் வராத துவாஸ் தங்குவிடுதிக்காரரும் பேசுவது ஒரே மொழி. செலவழிக்கும் நேரமும் காரணமும் வெவ்வேறு.

போட்டியாளரின் வாடிக்கையாளர்களை மட்டுமே பார்ப்பது இன்னொரு சறுக்கல். அவர்கள் எழுதும் புகார்களைப் படிக்க வேண்டியதுதான் (ஒற்றை நட்சத்திரக் கோபத்தைவிட மூன்று நட்சத்திர முணுமுணுப்பில்தான் விஷயம் அதிகம்). ஆனால் அந்தக் கடைக்குள் நுழையவே முடியாதவர்கள் புகார் எழுதுவதில்லை. வாடகைக் கார் செயலியான ஊபர் தென்கிழக்காசியாவுக்கு வந்தபோது கடன் அட்டை இருந்தால்தான் பயணம் என்ற நிலை. இந்தோனேசியாவிலும் வியட்னாமிலும் பெரும்பாலோரிடம் அட்டையே கிடையாது. 2012ல் மலேசியாவில் தொடங்கி, பிறகு சிங்கப்பூரைத் தலைமையிடமாக்கிக்கொண்ட போட்டிச் செயலி கிராப், ரொக்கத்தை வாங்கிக்கொண்டது. 2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலை கிராப்பிடமே விற்றுவிட்டுப் போனது. ரொக்கம் மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். இரண்டு பக்கமும் கொட்டிய பணம் கொஞ்சமா? இருந்தாலும் ஊபரின் செயலிக்குள்ளேயே தேடியிருந்தால் அந்தக் குறை யார் கண்ணிலும் பட்டிருக்காது. லிட்டில் இந்தியாவின் முஸ்தஃபா பேரங்காடி 2003ல் 24 மணி நேரக் கடையானதும் இந்த ரகம்தான். சரக்கு மற்ற கடைகளிலும் இருந்தது. இரவு வேலை முடிந்து வருகிறவருக்கும் விடியற்காலை விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கும்தான் திறந்த கதவு இல்லாமல் இருந்தது.

சிக்கல் உண்மையானது, ஆட்களும் இருக்கிறார்கள், எனவே லாபம் வரும் என்று நினைப்பதும் தவறு. ஹானஸ்ட்பீ நிறுவனம் 2015ல் இங்கே தொடங்கியது. பேரங்காடிக்குப் போக நேரமில்லாதவர்களுக்காகப் பொருள் எடுக்க ஓர் ஆள், கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள். மக்களுக்குப் பிடித்திருந்தது. ஆசியாவின் பல நகரங்களுக்கும் பரவியது. 2019ல் பல இடங்களில் சேவையை நிறுத்திவிட்டு, கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டு நின்றது. உங்கள் கணக்கு இதைவிடச் சின்னதாக இருக்கும், ஆனால் ஓட்டை அதே இடத்தில்தான் விழும். ஒரு சாப்பாடு 8 வெள்ளி, அடக்கம் 4 வெள்ளி, கொண்டுபோய்க் கொடுக்க 5 வெள்ளி என்றால் ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு வெள்ளி கைநஷ்டம். ஆர்டர் கூடினால் நஷ்டமும் கூடும். அதே சாப்பாட்டை ஈசூனில் ஒரே புளோக்கில் பத்து வீடுகளுக்கு ஒரே நடையில் கொடுத்தால் கணக்கு மாறிவிடுகிறது. முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் வீவக வீடுகளில் வசிக்கும் ஊரில், "தீவு முழுவதும் டெலிவரி" என்று போடத் துடிப்பது எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை.

ஒருவர் சிக்கலைத் தீர்க்கப்போய் ஊரார் சிக்கலைக் கூட்டுவதும் உண்டு. 2017ல் வந்த வாடகை சைக்கிள் நிறுவனமான ஓபைக், எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வீடு வரையிலான நடையை மிச்சப்படுத்தியது. கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போகலாம் என்பதால் சைக்கிள்கள் நடைபாதையிலும் கால்வாயிலும் கிடந்தன. உரிமக் கட்டுப்பாடு வந்தது. 2018 ஜூனில் நிறுவனம் மூட்டை கட்டியது. 49 வெள்ளி முன்பணம் கட்டியவர்கள் அதைத் தேடி அலைந்தார்கள்.

போட்டியாளர் என்றால் பக்கத்துக் கடைக்காரர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இந்த ஊரில் அரசாங்கமே சில சிக்கல்களைத் தீர்த்துவிடும். 2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்ற முறையான பேநவ்வும் இந்தியாவின் யூபிஐயும் இணைக்கப்பட்டன. நாளுக்கு 1,000 வெள்ளி வரை கைப்பேசியிலிருந்தே ஊருக்கு அனுப்பலாம் என்று ஆனது. சிறு தொகை அனுப்பும் அலைச்சலை நம்பித் தொழில் திட்டம் போட்டிருந்தவருக்கு அன்று எப்படி இருந்திருக்கும்?

இவ்வளவும் பார்த்த பிறகும் முதலீட்டை முன்கூட்டியே கொட்டுபவர்கள் இருக்கிறார்கள். செயலி, பெயர்ப்பலகை, அட்டைப்பெட்டியில் அச்சு, ஈராண்டு வாடகை ஒப்பந்தம், எல்லாம் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே. தனிப்பெயர் வைத்துத் தொழில் நடத்த நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவில் பதிவு வேண்டும். தனி ஆளாக உங்கள் முழுப் பெயரிலேயே நடத்தினால் பெரும்பாலும் அதுகூட வேண்டியதில்லை. அந்த ரவிக்கை வேலையைத் தொடங்க ஒரு தையல் இயந்திரம், ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு பேநவ் எண் இருந்தால் போதும். தீபாவளிக்கு ஆறு வாரம் முன்னதாக இரண்டு புளோக்கில் மட்டும் சொல்லிப் பாருங்கள்.