காற்று ஏறும்போது தூண்டில்: நெடும் படகுப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரை கண்ணில் படாத பயணத்தில் படகுக்குப் பின்னால் ஒரு தூண்டில் ஓடிக்கொண்டிருப்பது தனி சுகம். பாய்மரப் படகு சாதாரணமாகப் போகிற 5 முதல் 7 நாட் வேகம் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), சூரை, மாஹி-மாஹி போன்ற ஆழ்கடல் மீன்களுக்கு இரை இழுக்கத் தோதான வேகம். காற்று ஏறும்போதும் அந்தத் தூண்டிலைச் சுருட்ட மனசு வராது என்பதுதான் சிக்கல். நான் பார்த்த அசம்பாவிதங்களில் பலவும் அங்கிருந்துதான் தொடங்கின.

முதல் தவறு, எப்போது தூண்டிலை எடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யாதது. மீன் மாட்டிய பிறகு யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. "இதை மட்டும் ஏற்றிவிடலாம்" என்பதற்குள் வானம் மாறிவிடும். 15 நாட் காற்று 30 ஆகும்போது பாயின் மேல் விழும் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. வானிலை அறிக்கை சொல்லும் வேகம் சராசரிதான். இடையிடையே வீசும் வீச்சுக்காற்று அதைவிட 40 சதவீதம்கூட அதிகம் இருக்கலாம். அலை உயரம் 2 மீட்டர் என்று போட்டிருந்தால், அது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. நடுவே 4 மீட்டரை நெருங்கும் ஒற்றை அலை வந்தால் அறிக்கை பொய் என்று சொல்ல முடியாது.

என் படகில் ஒரே விதி: பாயைச் சுருக்கும் நேரம் வந்தால் தூண்டிலும் உள்ளே வர வேண்டும். இரண்டும் ஒரே வேலை. அவசரமாகப் படகைத் திருப்பி இயந்திரத்தை முடுக்கும்போது பின்னால் தங்கூசி நரம்பு, அதாவது தூண்டில் கயிறு, கிடந்தால், அது நேராகப் படகைத் தள்ளும் விசிறியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். கொந்தளிக்கும் கடலில் இறங்கி அதை அறுப்பதை நினைத்துப் பாருங்கள். இருட்டுவதற்கு முன்பும் அப்படித்தான், எடுத்துவிடுவோம்.

அடுத்தது, நரம்பைக் கையில் சுற்றிப் பிடிப்பது. கூட வந்த நண்பர் ஒருவர் கைத்தூண்டிலை இழுக்கும்போது வழுக்குகிறதே என்று உள்ளங்கையில் மூன்று சுற்றுப் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் படகு ஓர் அலையில் சரிந்து முன்னால் பாய்ந்தது, சூரை கீழே இழுத்தது. நரம்பு சதைக்குள் இறங்கி, கோடு முதலில் வெளுத்து, பிறகு கருநீலமானது. விரல்கள் பிழைத்தது பக்கத்தில் கத்தி இருந்ததால். அதற்குப் பிறகு பின்தளத்தில் கைக்கு எட்டும் இடத்தில் எப்போதும் ஒரு கத்தி செருகியிருக்கும். கையுறை போடுங்கள், இழுத்த நரம்பைக் கட்டையில் சுற்றுங்கள், கையில் வேண்டாம்.

மீனை ஏற்றும் ஆர்வத்தில் ஹார்னஸ் கயிற்றை (உடம்பைப் படகோடு பிணைக்கும் பாதுகாப்புக் கயிறு) மாட்டாமல் பின்விளிம்பில் குனிவது உயிரோடு விளையாடும் தவறு. 6 நாட் வேகத்தில் போகும் படகு ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் தள்ளிப் போய்விடும். 2 மீட்டர் அலைகளுக்கு நடுவே அந்தத் தூரத்தில் ஒரு மனிதத் தலை தெரியாது. முதலில் படகை மெதுவாக்குங்கள். கயிற்றை மாட்டி, மண்டியிட்டு, உடம்பைத் தாழ்த்தி வேலை செய்யுங்கள். இன்னொருவர் கண் அலையையும் சுக்கானையும் விட்டு நகரக் கூடாது. ஆள் போதாதென்றால் நரம்பை அறுத்துவிடுங்கள்.

ஏறிய மீன் துள்ளும். வாயில் மூன்று முள் கொண்ட தூண்டில் இருந்தால் அது யார் காலில் ஏறும் என்று சொல்ல முடியாது. ஒற்றை முள்ளே போதும், அதன் எதிர்ச்செதிலையும் (முள் கழன்று வராமல் தடுக்கும் பின்நோக்கிய கூர்) குறட்டால் நசுக்கிவிடுங்கள். செவுளில் கொஞ்சம் மது ஊற்றினால் மீன் சட்டென்று அடங்கும். தளத்தில் சிந்திய ரத்தத்தை உடனே கழுவுங்கள், எண்ணெய் போல வழுக்கும்.

குமட்டல் மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு விழுங்குவதும் வழக்கமான பிழை. அப்போது அது வயிற்றில் தங்காது. ஆடும் படகில் தலைகுனிந்து மீன் அறுப்பவர்தான் முதலில் படுப்பார்.

கடைசியாக, பலர் அலட்சியம் செய்வது: காற்றோடு போராடும் மும்முரத்தில் மீனை நிழலில் போட்டுவிட்டு "பிறகு பார்க்கலாம்" என்பது. சூரை, மாஹி-மாஹி போன்றவை சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அவற்றின் சதையில் ஹிஸ்டமினை உண்டாக்கும். எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு, வாந்தி என்று தொடங்கலாம். நாக்கில் மிளகு போலச் சுரீரென்றால் துப்பிவிடுங்கள். ஆனால் சுவை மாறாத மீனிலும் நஞ்சு இருக்கலாம் என்பதால் நாக்கை நம்பியிருக்க வேண்டாம். மருத்துவர் எட்டாத கடலில் இது சின்ன விஷயமல்ல. பிடித்ததும் செவுளை அறுத்து ரத்தம் வடித்து, குடல் நீக்கி, நேராகப் பனிக்கட்டிக்குள் வையுங்கள். பெட்டியில் இடமில்லாத நாளில் நாங்கள் தூண்டிலே போடுவதில்லை.