கருமருந்துத் துப்பாக்கி: கம்பியில் இரண்டு கோடு போட்டுவிடுங்கள்

1863 ஜூலையில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டை ஓய்ந்ததும் களத்தில் கிடந்த துப்பாக்கிகளைச் சேகரித்தார்கள். 27,000க்கு மேல் இருந்தன. பெரும்பாலானவை நிரப்பியபடியே கிடந்தன. ஆயிரக்கணக்கானவற்றில் சுடாமலே மறுபடி மறுபடி நிரப்பியிருந்தார்கள். ஒன்றில் மட்டும் 23 முறை என்று பதிவு இருக்கிறது.

அது போர்க்களம், சரி. இன்றைக்கு அமெரிக்காவில் வாய்வழி நிரப்பும் துப்பாக்கியோடு வேட்டைக்கும் குறிப்பயிற்சிக்கும் போகிறவர்களுக்கும் இதே மறதி வருகிறது. பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுப்பார். வெடிமருந்து போட்டோமா இல்லையா என்பது மறந்துபோகும். அதற்குத்தான் கோடு. காலிக் குழலுக்குள், மருந்தையும் குண்டையும் தள்ளி இறக்கும் கம்பியை அடிவரை விட்டு, வாய் மட்டத்தில் ஒரு கோடு. வழக்கமான அளவு மருந்தும் குண்டும் இறக்கியபின் இன்னொரு கோடு. இரண்டாவது கோடு வாய்க்கு மேலே நின்றால் இரட்டை மருந்து விழுந்திருக்கலாம், அல்லது குண்டு பாதியில் சிக்கியிருக்கலாம். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே இடைவெளி விட்டுச் சுட்டால் குழல் வீங்கும், பிளக்கவும் பிளக்கும். தொடர்ந்து சுடும்போது குழலில் கரி படிந்து குண்டு இறங்க மறுக்கும். அப்போது முரட்டுத்தனமாகக் குத்தாமல், இடையிடையே ஈரத்துணியால் துடைப்பதே வழி.

மருந்தை அளப்பதில் ஒரு குழப்பம் உண்டு. கருமருந்தைக் கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள். கிரெய்ன் என்பது எடைதான், ஒரு பவுண்டுக்கு 7,000. ஆனால் அளப்பதென்னவோ படி போன்ற ஒரு சின்னக் குழாயில். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் கருமருந்தைவிட லேசானவை. 80 கிரெய்ன் என்றதும் அதைத் தராசில் நிறுத்துப் போட்டால் அளவு மிஞ்சிவிடும். அதே குழாயால் அளக்க வேண்டும். உச்ச அளவு துப்பாக்கி செய்தவரின் கையேட்டில் இருக்கும். இந்தக் காலத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை, அதற்கென்றே செய்யாத குழலில் ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது.

மருந்து வைத்திருக்கும் கொம்பிலிருந்து நேராகக் குழலில் கொட்டுவது பார்க்க அழகுதான். ஆனால் முந்தைய வேட்டின் கங்கு உள்ளே இருந்தால் கொம்பு முழுவதும் கையிலேயே வெடிக்கும். அளவுக் குழாயில் எடுத்து, கொம்பை மூடித் தள்ளி வைத்துவிட்டு ஊற்றுங்கள். முகத்தைக் குழலின் வாய்க்கு நேரே கொண்டுபோகாதீர்கள். மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான கேப் வைப்பது, இலக்கை நோக்கித் திரும்பிய பிறகு, கடைசியாக.

அப்புறம், விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? எட்டிப் பார்க்காதீர்கள். குழலை இலக்குப் பக்கமே வைத்து ஒரு முழு நிமிடமாவது காத்திருங்கள், தாமதமாகவும் வெடிக்கும்.